இட்டேரி, வீதி, ரோடு: கோவையின் சாலை வரிசை

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் வழக்கமாக இலக்கியம் பேசுவார்கள், கல்வெட்டு பேசுவார்கள். நான் சாலையைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னதும் அறக்கட்டளைப் பொறுப்பாளர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். "ரோட்டைப் பத்திப் பேசறதுக்கு என்னங்க இருக்குது? குழி இருக்குது, அவ்வளவுதானுங்க" என்றார். குழியைப் பற்றி நாளிதழ்கள் தினமும் எழுதுகின்றன. அதை அவர்களிடமே விட்டுவிடலாம். ஒரு ரோடு எந்த வகையைச் சேர்ந்தது, அதை யார் முடிவு செய்கிறார்கள், அந்த முடிவால் நம் வீட்டு வாசலில் என்ன மாறுகிறது என்பதே இன்றைய பேச்சு. நகரமைப்பு வரைபடங்களில் கோடு போட்டே என் வேலைக்காலம் முழுதும் கழிந்தது. அடுத்தவர் தோட்டத்தின் மேல் சிவப்பு மையில் கோடு இழுப்பது சுலபம். அந்தக் கோட்டுக்கு அடியில் குடியிருப்பது எப்படியிருக்கும் என்பதைக் கோடு போடும் வேலைக்கு வருவதற்கு முன்பே நான் பார்த்திருந்தேன்.

எங்கள் அப்பச்சிக்கு நகரத்தின் கிழக்கு விளிம்பில் கொஞ்சம் தோட்டம் இருந்தது. நான் பள்ளியில் படித்த காலத்தில் ஒருநாள் இரண்டு பேர் சங்கிலி, கொடி, வரைபடச் சுருள் எல்லாம் எடுத்துக்கொண்டு வந்தார்கள். கிணற்றுமேட்டில் நின்று, "இதுல அறுபதடி ரோடு வருதுங்க" என்றார் ஒருவர். அப்பச்சி கோபப்படவில்லை. மோர் கொடுக்கச் சொல்லிவிட்டு, "சரிங்க, ரோடு எங்கிருந்து வந்து எங்கீங்க போகுது?" என்று கேட்டார். வந்தவர் சுருளை விரித்துப் பார்த்துவிட்டு, "அது தெரியலீங்க. இந்த ஷீட்டுல இவ்வளவுதான் இருக்குது. மிச்சம் அடுத்த ஷீட்டுல இருக்குமுங்க" என்றார். அடுத்த ஷீட்டை எங்கள் வீட்டில் யாரும் கடைசிவரை பார்க்கவில்லை. அப்பச்சி அந்த அறுபதடிக்குள் சாளை போடவில்லை, கிணறு ஆழப்படுத்தவில்லை, மகள் கல்யாணத்துக்கு விற்கலாம் என்றால் வாங்குகிறவன் பாதி விலைக்குக் கேட்டான். அவர் காலமாகும்வரை ரோடு வரவில்லை. இன்றுவரையும் வரவில்லை.

அவர் கேட்ட கேள்விதான் சாலை வகைப்பாட்டின் முதல் கேள்வி. பொறியியல் புத்தகங்கள் அதைப் பல பக்கங்களில் சுற்றிச் சொல்லும்.

நம் பகுதியில் இந்த வகைப்பாடு புதிதல்ல. சுண்டக்காமுத்தூர்ப் பக்கம் பாறையில் இராசகேசரிப் பெருவழியைப் பற்றிய கல்வெட்டு இருக்கிறது. சோழன் முதலாம் ஆதித்தன் காலத்தது, 9-ஆம் நூற்றாண்டு என்பது அறிஞர்கள் கருத்து. பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சேரநாட்டுக்கும் கொங்குக்கும் இடையே சரக்கு போன தடம் அது. 'பெருவழி' என்ற சொல் ஒரு தரவரிசைச் சொல். மற்றவை வழி, இது பெருவழி. இதற்குக் காவல் உண்டு, பெயர் உண்டு, அரசன் பொறுப்பு உண்டு. தருமபுரிப் பக்கம் கிடைத்த அதியமான் பெருவழிக் கல்லில் ஊர்ப் பெயரும் காதக் கணக்கும் எழுத்தில் இருக்கின்றன. எழுத்தறியாதவன் தடவிப் பார்த்து எண்ணிக்கொள்ளக் குழிகளும் வெட்டியிருக்கின்றன. இன்றைய நெடுஞ்சாலைப் பலகையில் அந்தக் கரிசனம் குறைவு.

பெருவழிக்கு அடுத்து வீதி. கோவையில் நாம் 'தெரு' என்று அதிகம் சொல்வதில்லை என்பதைக் கவனியுங்கள். ராஜ வீதி, ஒப்பணக்கார வீதி, வைசியாள் வீதி, ரங்கே கவுடர் வீதி. பேட்டைக்குள் இவற்றின் அகலத்தைத் தீர்மானித்தது கோனியம்மன் தேர். மாசித் தேர் ஓடும் வழி வீதி. தேர் நுழையாதது சந்து. தேர் திரும்பும் முனையில் யாரும் திண்ணையை நீட்டிக் கட்ட முடியாது, ஏனென்றால் அடுத்த மாசியில் ஊரே வந்து கேட்கும். ஆக்கிரமிப்பு அகற்றும் நோட்டீஸ் எதுவும் இல்லாமல் பல தலைமுறைகள் ஒரு முனை திறந்தே இருந்தது என்றால், அந்த அகலம் எதற்கு என்று எல்லாருக்கும் தெரிந்திருந்ததே காரணம்.

மூன்றாவது வகைதான் நம் மண்ணுக்கே உரியது: இட்டேரி. இளைஞர்களில் சிலர் இந்தச் சொல்லைக் கேட்டிருக்க மாட்டீர்கள். இரண்டு தோட்டங்களின் உயிர்வேலிகளுக்கு நடுவே போகும் வண்டித்தடம் இட்டேரி. இருபுறமும் கிளுவை, இடையிடையே கள்ளி, வேம்பு, மேலே பிரண்டையும் கோவைக்கொடியும். தடம் தோட்டத்து மட்டத்தைவிடத் தாழ்ந்திருக்கும். ஒரு வண்டி போகும். எதிரே இன்னொரு வண்டி வந்தால் யாராவது ஒருவர் பின்வாங்கி ஒதுங்க வேண்டும். மழை பெய்தால் பல இட்டேரிகள் ஓடையாகவே மாறி, தண்ணீரைப் பள்ளத்துக்கும் குளத்துக்கும் கொண்டுபோகும். கீரியும் காடையும் ஓணானும் குடியிருந்த இடம் அது. அது நேராகப் போகாது. ஒவ்வொரு தோட்டத்து மூலையிலும் வளையும், ஏனென்றால் அது தோட்டங்களின் எல்லைக்கோடு.

இந்த வளைவுகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வெள்ளையர் ஆட்சியின் கடைசிக் கட்டத்தில் வேறொரு வகைப்பாடு வந்தது. 1943 டிசம்பரில் நாக்பூரில் மாகாணங்களின் தலைமைப் பொறியாளர்கள் கூடி, சாலைகளைத் தேசிய நெடுஞ்சாலை, மாகாண நெடுஞ்சாலை, மாவட்ட முக்கிய சாலை, மாவட்ட இதர சாலை, கிராமச் சாலை என்று ஐந்தாகப் பிரித்தார்கள். நன்கு சாகுபடியாகும் பகுதிகளில் எந்தக் கிராமமும் முக்கியச் சாலையிலிருந்து 5 மைலுக்கு மேல் தள்ளியிருக்கக் கூடாது என்பது அவர்கள் கணக்கு. நல்ல கணக்குதான். நம் நெடுஞ்சாலைத் துறை இன்றும் இந்தப் பெயர்களில்தான் பதிவேடு வைத்திருக்கிறது.

ஆனால் நாக்பூர்க் கணக்கு அடிப்படையில் 'யார் செலவு செய்வது' என்ற கணக்கு. ஊருக்குள் அந்த ரோடு என்ன வேலை செய்கிறது என்பதை அது கேட்பதில்லை. 2010-இல் தேசிய நெடுஞ்சாலை எண்களை மாற்றியபோது 47 என்பது 544 ஆனது, 67 உடைந்து 81-ம் 181-ம் ஆனது, 209 உடைந்து 83-ம் 948-ம் ஆனது. கோவைக்காரர் யாராவது நாக்கை மாற்றினாரா? அவினாசி ரோடு, திருச்சி ரோடு, மேட்டுப்பாளையம் ரோடு, பொள்ளாச்சி ரோடு, சத்தி ரோடு. ஒவ்வொன்றுக்கும் போய்ச் சேரும் ஊரின் பெயர். அப்பச்சி கேட்ட 'எங்கீங்க போகுது' என்பதற்குப் பெயரிலேயே விடை வைத்திருக்கிறோம்.

நகரத்துக்குள் வேலையைப் பார்த்துச் சாலையை வகைப்படுத்தலாம் என்று அழுத்தமாகச் சொன்னவர்களில் ஒருவர் ஒரு போலீஸ்காரர். லண்டன் ஸ்காட்லாந்து யார்டின் உதவி ஆணையர் அல்கர் டிரிப் 1942-இல் ஒரு புத்தகம் எழுதினார். ஊரைக் கடந்துபோகும் வண்டியும் பள்ளிக்கூடம் போகும் குழந்தையும் ஒரே ரோட்டில் இருந்தால் சாவுதான் மிஞ்சும். கடப்பதற்கு ஒரு சாலை, சேர்ப்பதற்கு ஒரு சாலை, குடியிருப்பதற்கு ஒரு தெரு என்று பிரியுங்கள் என்றார். 1963-இல் காலின் புக்கானன் தலைமையில் பிரிட்டிஷ் அரசு வெளியிட்ட அறிக்கை இதை உலகமெங்கும் பரப்பியது. நம் இந்தியச் சாலைகள் காங்கிரஸ் 1983-இல் வெளியிட்ட நகர்ப்புறச் சாலை நெறிமுறையில் அது நான்கு படியாக வந்து உட்கார்ந்தது. கடக்கும் பெருஞ்சாலைக்கு 50 முதல் 60 மீட்டர் நில அகலம், துணைப் பெருஞ்சாலைக்கு 30 முதல் 40, சேர்ப்புச் சாலைக்கு 20 முதல் 30, குடியிருப்புத் தெருவுக்கு 10 முதல் 20. வண்டி வேகமும் அதே வரிசையில் 80, 60, 50, 30 கிலோமீட்டர்.

இப்போது காந்திபுரத்துக்கு வாருங்கள். நாம் பெருமையாகச் சொல்லும் நூறடி ரோடு மீட்டரில் சுமார் முப்பது. நெறிமுறைப்படி அது துணைப் பெருஞ்சாலையின் கடைசிப் படியில் தொற்றிக்கொண்டிருக்கிறது. நம் ஊரில் அகலத்துக்குப் பெயர் பெற்ற ரோட்டின் கதி இது. மறுமுனையில், மனை விளம்பரத்தில் வரும் '23 அடி தார் ரோடு' மீட்டரில் ஏழு. நெறிமுறையின் மிகக் குறுகிய தெருவுக்கும் அது எட்டவில்லை. புத்தகத்தில் இருக்கும் ஏணியும் நம் ஊரில் இருக்கும் ஏணியும் ஒன்றல்ல. அதனால் புத்தகத்தைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. அகலத்தை விட்டுவிட்டு வேலையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: கடப்பது, சேர்ப்பது, குடியிருப்பது. இந்த மூன்றில் கோவையில் எது இருக்கிறது, எது இல்லை?

கடக்கும் சாலைகள் இருக்கின்றன. வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் போல எல்லாத் திசையிலும் ஓடுகின்றன. குடியிருக்கும் தெருக்கள் ஏராளம். நடுவில் இருப்பதுதான் குறைவு. ஆரக்காலையும் ஆரக்காலையும் குறுக்கே சேர்க்கும் சாலைகள். கிழக்கே அவினாசி ரோட்டுக்கும் திருச்சி ரோட்டுக்கும் இடையே குறுக்கே போக நினைத்துப் பாருங்கள். புலியகுளம் ரோடு நினைவுக்கு வரும், சிங்காநல்லூர் போகும் காமராஜர் ரோடு நினைவுக்கு வரும். அதற்கப்புறம் யோசிக்க ஆரம்பித்துவிடுவீர்கள்.

இதற்கு இயற்கையும் ஒரு காரணம், இரயிலும் ஒரு காரணம். நொய்யலும் அதன் குளங்களும் தெற்கே பாதையை மறிக்கின்றன. உக்கடம் பெரியகுளமும் வாலாங்குளமும் குறிச்சிக் குளமும் எங்கே இருக்கின்றனவோ அதற்கேற்பத்தான் தெற்குச் சாலைகள் நெருங்கிச் சேர முடியும். இரயில் பாதை நகரத்தை வெட்டிக்கொண்டு போகிறது. அதைத் தாண்ட வடகோவை மேம்பாலம், அவினாசி ரோடு மேம்பாலம், கிக்கானி பள்ளி அருகேயுள்ள சுரங்கப்பாதை, லங்கா கார்னர் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களே. ஒரு நல்ல மழைக்கு அவற்றில் சுரங்கப்பாதைகள் மூழ்கினால் ஊர் இரண்டாகிவிடுகிறது.

ஆனால் மனிதன் செய்தது இதைவிடப் பெரிய காரணம். நல்லதும் செய்திருக்கிறோம், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளேக் நோய் பேட்டையைச் சூறையாடியது. பிளேக் மாரியம்மன் கோயில்கள் அந்தப் பயத்தின் சாட்சியாக இன்றும் நிற்கின்றன. காற்றோட்டமாக ஊரை விரிக்க வேண்டும் என்ற எண்ணத்தில் பிறந்தது ஆர்.எஸ்.புரம். நகராட்சித் தலைவராக இருந்த சி.எஸ்.இரத்தினசபாபதி முதலியார் பெயரால் அமைந்த அந்தப் பகுதியைச் சதுரம் சதுரமாக வெட்டினார்கள். டி.பி.ரோடும் டி.வி.சாமி ரோடும் சேர்க்கின்றன. லோகமான்யா வீதியும் சம்பந்தம் ரோடும் கிழக்கு மேற்காகப் பிரிந்து குடியிருக்கின்றன. ஒரு முனை அடைத்தால் அடுத்த முனையில் திரும்பலாம். நாக்பூர்க் கணக்கும் டிரிப்பின் புத்தகமும் வருவதற்கு முன்பே, 1920-ஆம் ஆண்டுச் சென்னை நகரமைப்புச் சட்டத்தின் காலத்தில், நமக்கு மூன்று படிகளும் உள்ள ஒரு பகுதி கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகு இவ்வளவு பெரிய அளவில் நாம் அதைத் திரும்பச் செய்யவில்லை என்பது என் துணிபு. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

திரும்பச் செய்யத் திட்டம் போடாமல் இல்லை. அங்கேதான் நான் வாழ்நாளைச் செலவிட்ட 'ஸ்கீம் ரோடு' வருகிறது. திட்டச் சாலை என்று கோப்பில் எழுதுவோம். 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின்படி ஒவ்வொரு பகுதிக்கும் விரிவான வளர்ச்சித் திட்டம் போட்டு, நாற்பதடி, அறுபதடி, எண்பதடி என்று சாலைகளைக் குறிப்போம். வரைபடத்தில் பார்த்தால் அற்புதமாக இருக்கும். நான் சற்றுமுன் இல்லை என்று சொன்ன நடுப்படி முழுதும் அந்தக் காகிதத்தில் இருக்கிறது!

ஆனால் கோடு போடுவதற்குச் செலவில்லை, நிலத்துக்குச் செலவு உண்டு. ஒரு திட்டச் சாலை முப்பது நாற்பது பேரின் நிலத்தில் போகும். ஒருவர் வழக்குப் போட்டால் நடுவில் அறுந்துபோகும். அதே சட்டத்தின் 38-ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது: திட்ட அறிவிப்பு வந்த 3 ஆண்டுகளுக்குள் நிலத்தை எடுப்பதற்கான அறிவிக்கை வராமலோ, பேசி வாங்காமலோ விட்டால், அந்த நிலம் விடுவிக்கப்பட்டதாகவே கொள்ளப்படும். நீதிமன்றங்கள் பலமுறை இதை எடுத்துக்காட்டி நில உடைமையாளர் பக்கம் தீர்ப்புச் சொல்லியிருக்கின்றன. அந்தப் பிரிவு தப்பென்று நான் சொல்லமாட்டேன். மூன்று வருடத்தில் முடியாத ஆசைக்காக ஒரு குடியானவனின் கையை முப்பது வருடம் கட்டிப்போடக் கூடாது. எங்கள் அப்பச்சிக்கு இந்தப் பிரிவு தெரியாது. அது தெரிந்த யாரும் அவரிடம் போய்ச் சொல்லவும் இல்லை. சட்டப்படி என்றோ விடுபட்டுப்போன நிலத்துக்கு அவர் கடைசிவரை பயந்துகொண்டிருந்தார்.

இது கோவையின் தனி நோயல்ல. ஆனால் குஜராத்தில் வேறு வழி கண்டார்கள். 1915-ஆம் ஆண்டுப் பம்பாய் நகரமைப்புச் சட்டக் காலத்திலிருந்தே அங்கே ஒரு பழக்கம் உண்டு. ஒரு பகுதியின் நிலம் முழுவதையும் சேர்த்து வைத்து, சாலைக்கும் பூங்காவுக்கும் வேண்டியதை எல்லாரிடமிருந்தும் விகிதப்படி எடுத்து, மீதியை ஒழுங்கான மனைகளாக்கி அவரவருக்கே திருப்பிக் கொடுப்பது. ஒருவர் தோட்டம் மட்டும் அறுபடுவதில்லை; எல்லாரும் கொஞ்சம் இழந்து எல்லாரும் ரோட்டுமேல் வருகிறார்கள். அகமதாபாதின் சுற்றுச்சாலையும் அதையொட்டிய புதுப்பகுதிகளும் வளர இந்த முறை உதவியது. நம் தமிழ்நாட்டிலும் இப்போது இதைப் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். கொங்கு மண்ணில் பங்காளிகள் பாகம் பிரிக்கும்போது கிணற்றையும் தடத்தையும் பொதுவில் விட்டுவிட்டு மீதியைப் பிரிப்பது வழக்கம்தானே. அதே கணக்குதான், ஊர் அளவில்.

திட்டச் சாலை வராத இடத்தில் என்ன வந்தது? மனைப்பிரிவுகள் வந்தன. ஒவ்வொரு தோட்டமும் தனித்தனி மனைப்பிரிவாகி, ஒவ்வொன்றும் தன் எல்லைக்குள் மட்டும் ரோடு போட்டது. பிரிப்பவருக்கு ரோடு என்பது விற்க முடியாத நிலம். ஆகவே விதி எவ்வளவு சொல்கிறதோ அவ்வளவு, ஒரு அடி கூட இல்லை. அனுமதி பெற்ற மனைப்பிரிவில் சாலையும் பூங்காவும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரமாக எழுதிக் கொடுக்கப்பட வேண்டும். அனுமதியே இல்லாமல் பிரித்தவை எத்தனையோ. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லா மனைகளின் பத்திரப்பதிவுக்குத் தடை போட்டதும் கொங்கு நாட்டில் பல குடும்பங்கள் திகைத்துப்போயின. மறு ஆண்டு வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. மனைக்கு அங்கீகாரம் கிடைத்தது. ஆனால் ஒரு மனைப்பிரிவின் ரோடு பக்கத்து மனைப்பிரிவின் காம்பவுண்டுச் சுவரில் போய் முட்டி நிற்பதை எந்த வரன்முறையும் மாற்றவில்லை. அந்தச் சுவரில் ஒரு ஆள் நுழையும் அளவு ஓட்டை போட்டு வைத்திருப்பார்கள் பாருங்கள், பால்காரருக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும். நடுப்படி இல்லாத ஊரில் அந்த ஓட்டைதான் சேர்ப்புச் சாலை.

இப்போது இட்டேரிக்குத் திரும்பலாம். மனைப்பிரிவுகள் ஒன்றோடொன்று பேசாதபோது, அவற்றை ஆரக்கால் சாலைகளோடு சேர்த்தது எது? பழைய இட்டேரிதான். வேலியை வெட்டி, பள்ளத்தை நிரப்பி, மேலே ஜல்லி கொட்டித் தார் போட்டார்கள். ஊர்ப் பேருந்து போகும், தண்ணீர் லாரி போகும், கல்யாண மண்டபத்துக் கூட்டமெல்லாம் அதில்தான் போகும். சரவணம்பட்டி, காளப்பட்டி, விளாங்குறிச்சி, துடியலூர், வடவள்ளிப் பக்கங்களில் காரணமே இல்லாமல் ரோடு சட்டென்று தொண்ணூறு பாகை திரும்புகிறதே, அங்கே ஒரு காலத்தில் ஒரு தோட்டத்து மூலை இருந்தது. மழை பெய்ததும் அந்த ரோட்டில் முழங்கால் தண்ணீர் நிற்கிறதே, அது பழைய ஓடை தன் வழியைத் தேடுகிறது. 1997-இல் மினி பஸ் திட்டம் வந்தபோது அந்த வண்டிகள் எடுத்துக்கொண்ட வழித்தடங்களைப் பாருங்கள். பெரும்பாலும் இந்த இட்டேரி ரோடுகள்தான். நான் எத்தனையோ நகரமைப்பு ஆய்வறிக்கைகளைப் படித்திருக்கிறேன். சேர்ப்புச் சாலை எது என்று கண்டுபிடிக்க, மினி பஸ் நடத்துநரைக் கேட்பதைவிட நல்ல முறையை அவற்றில் பார்த்ததில்லை.

2011-இல் மாநகராட்சி விரிந்தபோது, நூற்றைந்து சதுர கிலோமீட்டர் அளவில் இருந்த நகரம் 257 சதுர கிலோமீட்டர் ஆனது. குறிச்சி, குனியமுத்தூர், கவுண்டம்பாளையம் நகராட்சிகளும் சுற்றுப் பேரூராட்சிகளும் சேர்ந்து 100 வார்டுகளாயின. ஒரே நாளில் ஊராட்சி ரோடும் பேரூராட்சி ரோடும் மாநகராட்சி ரோடாயின. பதிவேட்டில் தரம் உயர்ந்தது. அகலத்தில் ஒரு முழம் கூடவில்லை. அதன்பின் அந்த ரோட்டோரங்களில் அடுக்குமாடிகள் எழுந்தன. சாலை அகலத்துக்கேற்பக் கட்டட உயரம் என்பது விதி. ஆகவே அகலம் என்பது இன்று பணம். இருபதடி ரோட்டை முப்பதடி என்று காட்டும் வரைபடங்களை நான் மேசையில் பார்த்திருக்கிறேன். அளக்கப் போனால் முப்பதடி இருக்கும், இரண்டு பக்கத்து வீட்டு வாசற்படிகளையும் சேர்த்து அளந்தால்.

பெரிய வேலைகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நடுநிலை இல்லை என்பீர்கள். உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் நீளத்தில், 1,791 கோடி ரூபாயில் கட்டிய ஜி.டி.நாயுடு மேம்பாலம் 2025 அக்டோபரில் திறக்கப்பட்டது. மதுக்கரை மைல்கல்லிலிருந்து நரசிம்மநாயக்கன்பாளையம் வரை சுமார் 32 கிலோமீட்டருக்கு மேற்குப் புறவழிச்சாலை பகுதி பகுதியாக வருகிறது. கிழக்கே நீலாம்பூர்-மதுக்கரைப் புறவழிச்சாலை முன்பே இருக்கிறது. மேம்பாலத்தில் நானும் போனேன். விமான நிலையத்துக்குப் பேரனைக் கூட்டிவரப் போய், நேரத்துக்கு முன்பே போய் நின்றுவிட்டேன். கடப்பவனுக்கு அது நல்ல பாலம்தான். ஆனால் இவையெல்லாம் முதல் படி. ஹோப் காலேஜ் பக்கத்திலிருந்து குறுக்கே கணபதிக்குப் போகிறவருக்கு அந்தப் பத்துக் கிலோமீட்டரில் ஒரு அடியும் உதவாது. அவர் இன்னும் இட்டேரியில்தான் போய்க்கொண்டிருக்கிறார்.

இன்னொன்று. அண்மைக் காலத்தில் நம் போக்குவரத்துக் காவல் துறை பல சந்திப்புகளில் சிக்னலை எடுத்துவிட்டு 'யூ டர்ன்' வைத்தது. வண்டி நிற்காமல் ஓடுகிறது. மற்ற ஊர்க்காரர்கள் வந்து பார்த்துப்போகிறார்கள். டிரிப் என்ற லண்டன் போலீஸ்காரர் இருந்தால் பாதி மகிழ்ந்திருப்பார். கடக்கும் சாலையில் வண்டி நிற்கக் கூடாது என்பது அவர் கட்சி. மீதிப் பாதிக்கு அவர் கேட்டிருப்பார்: சிக்னல் இல்லாத ரோட்டை மருந்துச் சீட்டோடு ஒரு பாட்டி எப்படித் தாண்டுகிறார்? நேராகப் போக வேண்டியவர் அரை கிலோமீட்டர் போய்த் திரும்பி வருகிறாரே, அந்தப் பயணமும் சேர்ந்து அதே ரோட்டில்தானே ஏறுகிறது? குறுக்குச் சாலை செய்ய வேண்டிய வேலையை ஆரக்கால் தலையில் கட்டும்போது இப்படித்தான் ஆகும்.

பொள்ளாச்சிக்காரர்கள் இங்கே இருக்கிறீர்கள். உங்கள் காந்தி சிலையைச் சுற்றி எல்லாத் திசை ரோடும் வந்து முட்டுவது இதே கதையின் சிறு பதிப்பு. சிறிய ஊர் என்பதால் இன்னும் காலம் கடந்துவிடவில்லை என்பதே உங்களுக்கு நல்ல செய்தி. கோவையில் நாங்கள் தவறவிட்டதை நீங்கள் இன்றைக்கே செய்யலாம்.

என்ன செய்யலாம் என்று கேட்டால், என்னிடம் இருப்பது ஒரு வரைவாளனின் யோசனைதான். கோவையின் முழுமைத் திட்டம் 1994-இல் ஒப்புதல் பெற்றது. அடுத்த திட்டத்தின் வரைவு, 2041-ஐக் குறிவைத்து, 2024-இல் வந்தது. இடையில் முப்பது ஆண்டுகள். இனி வரும் திட்டத்தில் புதிய எண்பதடிக் கோடுகளைக் குறைத்துப் போடுங்கள். அதற்குப் பதிலாக, ஒவ்வொரு வார்டிலும் இன்று ஏற்கெனவே சேர்ப்புச் சாலையாக வேலை செய்யும் இட்டேரி ரோடுகள் எவை என்று பட்டியல் எடுங்கள். அவற்றின் புலப்பட அகலத்தை அளந்து கல் நடுங்கள். ஓரத்தில் நடைபாதையும் அடியில் மழைநீருக்கு வழியும் முதலில், தார் அப்புறம். முட்டி நிற்கும் காம்பவுண்டுச் சுவர்களில் ஒவ்வொரு மனையாகப் பேசி, அந்த ஓட்டையை ஒரு ஆட்டோ போகும் வாசலாக்குங்கள். செத்துப்போன திட்டச் சாலைகளை வெளிப்படையாக ரத்துச் செய்து, சர்வே எண்ணோடு வார்டு அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். பயந்துகொண்டிருப்பவர்கள் வீடு கட்டிக்கொள்ளட்டும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு, அதற்குத்தான் உங்கள் உதவி வேண்டும். இட்டேரிகளில் இரண்டு சாதி. ஒன்று, வருவாய்ப் பதிவேட்டில் வண்டிப்பாதைப் புறம்போக்கு என்று தனி எண் பெற்றவை. அவற்றை எப்படியும் கண்டுபிடித்துவிடலாம். மற்றொன்று, பட்டா நிலத்துக்குள்ளேயே, வண்டி வாகனம், ஆட்கள், கால்நடை போக வர மாமூல் தடப் பாத்தியம் என்று பத்திரத்தில் மட்டும் எழுதப்பட்டவை. புலப்படத்தில் அவற்றுக்குக் கோடே இருக்காது. தோட்டம் கைமாறி, புதுப் பத்திரத்தில் எழுத்தர் அந்த ஒரு வரியை விட்டுவிட்டால் தடம் போய்விடும். நூறு வருடம் வண்டி போன தடம், ஒரு வரி விடுபட்டதில் காம்பவுண்டுக்குள் போனதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஆகவே கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போனதும் பீரோவைத் திறந்து அப்பாரு காலத்துப் பத்திரங்களை எடுத்துப் பாருங்கள். செக்குபந்தி எழுதியிருக்கும் பக்கத்தில் 'இட்டேரிக்கு வடக்கு' என்றோ 'வண்டித்தடத்துக்குக் கிழக்கு' என்றோ எங்காவது இருந்தால், அந்தப் பக்கத்தை மட்டும் ஒரு நகல் எடுத்து, சர்வே எண்ணைக் கோடிட்டு, உங்கள் வார்டு அலுவலகத்தில் கொடுத்துவிட்டு ஒப்புகைச் சீட்டு வாங்கி வையுங்கள். எங்கள் அப்பச்சி பத்திரத்தில் அந்த வரி இருந்தது. போன மாதம் நான் கொடுத்துவிட்டு வந்தேன்.